றாத்தலர், நுளம்பர், றொட்டி: பட்டம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி, ஜனவரி 9

எங்கள் ஆட்களுக்கு ஒருவனைச் சொந்தப் பெயரால் கூப்பிட வாய் வராதா? நான் கொழும்பில் பிறந்து வளர்ந்தவன். அம்மாவின் ஊருக்கு வரும்போதெல்லாம் பார்க்கிறேன், நுளம்பர் (நுளம்பு என்றால் கொசு), கறுவல், நெத்தலி, பல்லன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அடையாள அட்டையில் இருக்கிற பெயர் பக்கத்து வீட்டுக்காரனுக்கே தெரியவில்லை. அடுத்தவனை மட்டம் தட்ட யாழ்ப்பாணத்தார் கண்டுபிடித்த மலிவான வழிதான் இந்தப் பட்டம் தெளிப்பு, அதாவது பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவது, என்பது என் முடிவு. இல்லையென்றால் சொல்லுங்கள், இது எப்படித்தான் வருகிறது?

பதில், ஜனவரி 9, இரவு

மட்டம் தட்டத்தான் என்றால் என்னை நாற்பது வருடமாகத் தட்டுகிறார்கள். இன்னும் மட்டமாகவில்லை.

என் பட்டம் றாத்தல். எட்டு வயதில் அம்மா ஒரு றாத்தல் பாண் (பிரெட்) வாங்கிவர அனுப்பினா. ஒரு றாத்தல் என்றால் 450 கிராம், இப்போதும் அதுதான் கணக்கு. அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த பாண், கையைச் சுட்டது. ஒழுங்கை முடிவதற்குள் பாதியைத் தின்றுவிட்டேன். வீட்டில் கேட்டபோது, “கடையிலை அரை றாத்தல்தான் தந்தவை” என்று சொன்னேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற மாமி அதைக் கேட்டுவிட்டா. பின்னேரம் பந்தடிக்கப் போனபோது நான் அரைறாத்தல்.

பெரிய வகுப்புக்குப் போக ‘அரை’ தேய்ந்து றாத்தல் ஆனது. கலியாணம் கட்டி, மீசை நரைத்த பிறகு றாத்தலர். என் மகன் கால்றாத்தல். அவன் வாழ்க்கையில் பாண் வாங்கக் கடைக்குப் போனதே இல்லை, தெருவில் பாட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டோவில் வருவதைத்தான் வாங்குகிறோம்.

ஜனவரி 10

றாத்தலர் என்பதில் இருக்கிற ‘அர்’ பற்றி ஒரு வார்த்தை. கொழும்பில் வளர்ந்தவருக்கு இது பிடிபடாது.

கந்தையா என்பவர் வயதாக வயதாகக் கந்தர் ஆவார். முருகேசு முருகேசர், தம்பு தம்பர், மாணிக்கம் மாணிக்கர். பெயரைச் சுருக்கி மரியாதையைக் கூட்டுவது எங்கள் வழக்கம். பட்டத்துக்கும் அதே சலுகை உண்டு. இளந்தாரியாக இருக்கும்வரை மொட்டை, ஐம்பது தாண்டினால் மொட்டையர். “உவர் மொட்டையர் எங்கை போட்டார்?” என்று கேட்கிறவன் கேலி செய்யவில்லை. பட்டத்துக்கு ஒரு வேட்டி கட்டிவிட்டுத்தான் கேட்கிறான்.

ஜனவரி 10, சற்றுப் பிந்தி

தனக்குத்தானே பட்டம் வைத்துக்கொள்ள முடியுமா என்று வீட்டில் மகன் கேட்டான். முடியாது. ரியூசனில் எங்களோடு ஒருவன் படித்தான். தன்னை ரொக்கி என்று கூப்பிடச் சொல்லி எல்லோருக்கும் ஐஸ்பழம் வாங்கித் தந்தான். ஒரு கிழமை கூப்பிட்டோம். ஐஸ்பழம் நின்றதும் றொட்டி ஆகிவிட்டான். இன்று அவனுக்கு மூன்று பிள்ளைகள், சொந்தமாக இரண்டு லொறி. கைத்தொலைபேசியில் அவன் பெயரைப் பதிந்து வைக்காதவர்கள்கூட “றொட்டியின்ரை லொறி வருமோ?” என்றுதான் கேட்கிறார்கள்.

ஜனவரி 12

‘எப்படி வருகிறது’ என்ற கேள்விக்கு நான் இன்னும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

தேவைதான் முதல் காரணம். எங்கள் ஒழுங்கையில் ஒரு காலத்தில் நாலு சிவா. ஒருவன் சிவகுமார், ஒருவன் சிவனேசன், மற்ற இருவரும் சிவராசா. வீட்டில் எல்லாரையும் சிவா என்றுதான் கூப்பிடுவார்கள். எங்களுக்குக் குடும்பப் பெயரும் கிடையாது, தகப்பன் பெயர்தான் முன்னுக்கு நிற்கும், அது ஒரு தலைமுறையோடு போய்விடும். அப்படியென்றால் எந்தச் சிவா என்று எப்படிச் சொல்வது? கடைச் சிவா, கிணத்தடிச் சிவா, கறுவல் சிவா, நெட்டைச் சிவா. நாளடைவில் சிவா கழன்று போய்க் கிணத்தடி மட்டும் மிஞ்சியது. சிவா என்பது பட்டமே இல்லாத ஒருவனுக்கு வைத்த பெயர்போல ஆகிவிட்டது.

எங்கள் தேசவழமைச் சட்டத்தை 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் பதிந்தார்கள். அதில் சொத்து மூன்று வகை: தாய் தகப்பன் வழி வருவது முதுசம், பெண்ணுக்குக் கொடுப்பது சீதனம், தானே சம்பாதித்தது தேடியதேட்டம். பட்டத்தையும் இப்படியே பிரிக்கலாம் என்று எனக்குப் படுகிறது. என் மகனின் கால்றாத்தல் முதுசம். றொட்டி தேடியதேட்டம், ஐஸ்பழம் கொடுத்துத் தேடியது. சீதனப் பட்டமும் இருக்கிறது. வீடு வளவு பெண்ணுக்குச் சீதனமாகப் போவதால் எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண்ணின் ஊருக்குப் போய்க் குடியிருப்பான். சொந்த ஊர்ப் பட்டம் அவனோடு போகாது. நானே மனைவியின் ஊரில் முதல் மூன்று வருடம் புளியடி மாப்பிள்ளையாகத்தான் இருந்தேன், வளவுக்குள் புளியமரம் நின்றதால். பிறகு என் கூட்டாளி ஒருவன் வீட்டுக்கு வந்தான், படலையில் நின்று “றாத்தல்!” என்று கத்தினான். புளியடி அன்றோடு செத்தது.

விதானையார் வீடு, பரியாரியார் (நாட்டு வைத்தியர்) வளவு, சட்டம்பியார் (வாத்தியார்) ஒழுங்கை எல்லாம் முதுசத்தில்தான் சேரும். விதானை என்ற ஊர்த் தலைவர் உத்தியோகத்தை 1963இல் எடுத்துவிட்டு அந்த இடத்தில் கிராம சேவகரைக் கொண்டுவந்தார்கள். விதானையாரின் பேரப்பிள்ளை இன்று வங்கியில் வேலை செய்கிறார். ஊருக்கு அவர் விதானையார் வீட்டுப் பெடியன்தான்.

ஜனவரி 15, பொங்கல்

வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் ஏற்றுகிற போட்டி பார்த்துவிட்டு இப்போதுதான் வந்தேன். பெட்டிப்பட்டம், பாம்புப்பட்டம், ஆள் உயரத்தை மூன்று மடங்காக்கினால் வருகிற பெரிய பட்டங்கள். விண் என்கிற ஒலிநார் கட்டியவை மேலே போய்க் கூவுகின்றன.

பட்டம் என்ற ஒரே சொல்லில் காகிதத்தில் செய்து ஏற்றுவது இருக்கிறது, பல்கலைக்கழகம் கொடுப்பது இருக்கிறது, ஊர் வைப்பதும் இருக்கிறது. பல்கலைக்கழகம் கொடுத்தால் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். காகிதத்தில் செய்ததை நூல் பிடித்து இறக்கலாம். ஊர் வைத்ததன் நூல் உன் கையில் இல்லை.

(கொஞ்சம் அதிகமாக எழுதிவிட்டேன். பொங்கல் சாப்பாடு.)

ஜனவரி 17

திருத்தம். வெட்கமாகவும் இருக்கிறது.

முதல் குறிப்பை ரொறன்ரோவில் இருக்கிற அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்தா. பிறகு, “பாணைத் திண்டது நீயில்லை, அண்ணன்” என்றா. பாண் வாங்கப் போனவன் அண்ணன். நான் பின்னால் ஓடிப்போனேன். அரைறாத்தல் என்று ஊர் கூப்பிட்டதும் அவனைத்தான். 1988இல் அவன் ஜேர்மனிக்குப் போனான். அதுவரை நான் அரைறாத்தலின் தம்பி. அவன் போனபிறகு இடம் வெறுமையாகக் கிடக்க, பட்டம் என்மேல் இறங்கிவிட்டது.

கையைச் சுட்ட பாண் என்று எழுதினேனே, அந்தச் சூடு இன்னும் உள்ளங்கையில் இருக்கிறதே என்று கேட்டேன். “உனக்கும் ஒரு துண்டு பிச்சுத் தந்தவன், அதுதான் நீ அம்மாட்டைச் சொல்லேல்லை” என்றா அக்கா.

ஆக, என்னுடையதும் முதுசம்தான். தேடியதேட்டம் என்று இத்தனை வருடம் மனதுக்குள் ஒரு பெருமை வைத்திருந்தேன்.

ஜனவரி 18

பட்டம் என்றால் இழிவு என்று சொல்கிறவர் நல்லூர் முருகன் கோயில் தேரடியில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகவேண்டும். அந்தத் தேரடியில் கிடந்த செல்லப்பா சுவாமியை ஊர் ‘விசர்ச் செல்லப்பா’, அதாவது பைத்தியக்காரச் செல்லப்பா, என்றது. அவர் மறுக்கவில்லை. விசரன் என்று நினைத்தவர்கள் விலகிப் போனார்கள், அவருக்கும் அதுதான் வசதி. அவருடைய குருவுக்கு ஊர் வைத்த பெயர் கடையிற் சுவாமி, பெரியகடைப் பக்கம் திரிந்ததால். செல்லப்பரின் சீடர் யோகநாதன். அவரை முதலில் கண்டபோது செல்லப்பர் போட்ட அதட்டல் “யாரடா நீ?” என்பது இங்கே பலருக்கும் தெரியும். அந்தச் சீடருக்கும் நாங்கள் ‘அர்’ போட்டோம், யோகர் சுவாமி. 1964இல் அவர் சமாதியானார். பிறகு செல்வச்சந்நிதி முருகன் கோயில் பக்கம் வாழ்ந்த வெள்ளைக்காரச் சாமியாருக்கு ஜெர்மன் சுவாமி. தீட்சைப் பெயர் ஒன்று அவருக்கு இருந்தது, யார் சொன்னார்கள்?

ஆறுமுகநாவலரையும் சேர்க்கலாம். நாவலர் என்பது 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் கொடுத்த பட்டம். இன்று யாழ்ப்பாணத்தில் நாவலர் என்றால் போதும், ஆறுமுகம் தேவையில்லை. சிவா கழன்று கிணத்தடி மிஞ்சிய அதே கதைதான், இடம்தான் உயரம்.

ஜனவரி 21

நான் அச்சகத்தில் வேலை செய்கிறவன். மரண அறிவித்தல், கண்ணீர் அஞ்சலி, முப்பத்தோராம் நாள் கல்வெட்டு (செத்தவரின் நினைவுப் புத்தகம்), இவைதான் எங்களுக்குச் சோறு போடுகின்றன. பட்டத்தின் உண்மையான விலை என் மேசையில்தான் தெரியும்.

‘... பிறப்பிடமாகவும் ... வதிவிடமாகவும் கொண்ட’ என்று தொடங்கும். பெயர் வரும். பெயருக்குப் பிறகு அடைப்புக்குறி. அந்த அடைப்புக்குறிக்குள் என்ன போடுவது என்பதில்தான் குடும்பம் இரண்டுபடும்.

கேள்வி கேட்டவர் நுளம்பர் என்று ஒரு பெயர் சொன்னார். அவர் சொன்னவர் வேறு ஆளாக இருக்கலாம், எங்கள் பக்கத்திலும் ஒரு நுளம்பர் இருந்தார், சில வருடங்களுக்கு முன் காலமானார். சொந்தப் பெயரைச் சொல்லமாட்டேன். பிள்ளைகள் எல்லாம் வெளியில். லண்டனிலிருந்து மூத்தவர் எடுத்து, “அந்தப் பேர் வேண்டாம் தம்பி, அப்பாவுக்கு மரியாதை இல்லை” என்றார். சரி, கொடுத்தபடி அடித்தோம். சந்தி சந்தியாக ஒட்டினார்கள்.

அதே பெயரில் இன்னொருவர் இருந்தார், ஓய்வுபெற்ற கிளாக்கர். காலை எட்டு மணிக்கு வெள்ளை வேட்டியோடு சனம் போய்க் கிளாக்கரின் படலையில் நின்றது. படலையைத் திறந்தவரே கிளாக்கர், வாயில் பற்பசை. செத்தவீட்டுக்குப் போனவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தார்கள். உண்மையான செத்தவீட்டில் பறைமேளம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பத்து மணிக்கு மூத்தவர் திரும்ப எடுத்தார். “போடுங்கோ தம்பி, அடைப்புக்குறிக்குள்ளை போடுங்கோ.”

அந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா? ஆள் மெலிவும் இல்லை, கடிக்கிற குணமும் இல்லை. மலேரியாத் தடுப்பு வேலையில் இருந்தவர். முதுகில் மருந்துத் தகரத்தைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சுவருக்கு டீடீரீ அடித்தவர். 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்குத்தான் மலேரியா என்ற நிலை வந்தது. மருந்தடிப்பைக் குறைத்தார்கள், சில வருடத்தில் நோய் லட்சக்கணக்கில் திரும்பி வந்தது, திரும்பவும் தகரத்தைத் தூக்கினார்கள். 2016 செப்டெம்பரில் இலங்கையில் மலேரியா ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. அந்தச் செய்தி வந்த பேப்பரை எங்கள் அச்சகத்தில் வைத்துத்தான் அவர் வாசித்தார். “இனி என்னை என்னெண்டு கூப்பிடுவியள்?” என்று கேட்டார்.

மட்டம் தட்டலாம். லண்டன் மகனுக்கு அது தெரிந்திருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 22

அடைப்புக்குறி என்றதும் ஒன்று நினைவு வந்தது. போர்க்காலத்தில் செத்த போராளிகளின் சுவரொட்டிகளில் அது தலைகீழாக இருக்கும். இயக்கப் பெயர் பெரிய எழுத்தில். அம்மா வைத்த பெயர் அடைப்புக்குறிக்குள், சின்னதாக. அந்தச் சின்ன எழுத்தைத்தான் நாங்கள் முதலில் தேடி வாசித்தோம்.

இதற்கு மேல் எழுதவில்லை.

ஜனவரி 23

அந்தக் காலத்தில் விமானத்துக்கும் பட்டம் வைத்த சனம் நாங்கள். சகடை என்றால் ஒன்று, பொம்மர் என்றால் வேறொன்று, ஆளில்லாமல் மேலே சுற்றுவது வண்டு. சத்தத்தை வைத்தே சின்னப்பிள்ளைகள் சொல்லும். எது வருகிறதென்று தெரிந்தால்தான் பதுங்குகுழிக்குள் போவதா, சோற்றை முடித்துவிட்டுப் போவதா என்று முடிவெடுக்கலாம்.

ஜனவரி 28

ஜனவரி 10ஆம் திகதி ‘அர்’ பற்றி எழுதியதைத் திரும்ப வாசித்தேன். அழகாக எழுதியிருக்கிறேன், பாதிதான் எழுதியிருக்கிறேன். (அரைறாத்தல் புத்தி.)

அந்த ‘அர்’ எல்லோருக்கும் கிடைக்கவில்லை. என் அப்பாவின் காலத்தில் வெள்ளாளக் கந்தையா கந்தர் ஆனார். அதே வயதில், அதே வெயிலில், அவருடைய தோட்டத்தில் வேலை செய்தவர் எழுபது வயதிலும் கந்தன்தான். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த பிள்ளைக்குப் பிள்ளை என்று முடிகிற பெயரை வைக்க விடாத காலம் இருந்தது. பதிவிலும் கந்தன், பொன்னி என்றே ஏறியது. கல்வெட்டுக்காகப் பழைய பிறப்பத்திரங்களைக் கொண்டுவந்து தரும்போது நானே பார்த்திருக்கிறேன். பேரப்பிள்ளைகள் கேட்பார்கள்: “அண்ணை, இதிலை கந்தன் எண்டு கிடக்கு, கந்தசாமி எண்டு போடலாமோ?”

போடலாம். கேட்கவே தேவையில்லை.

பட்டம் பகிடியாக இருப்பதற்கு முதலில் ஒருவனுக்குப் பெயர் என்று ஒன்று ஒழுங்காக இருக்கவேண்டும். பெயரையே பாதியாக வெட்டி வைத்துக்கொண்டு அதற்குமேல் பட்டமும் வைத்தால் அது வேறு சங்கதி. கேள்வி கேட்டவரே, இந்த இடத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

பெப்ரவரி 3

நியாயம் என்று ஒத்துக்கொண்ட பிறகு இதையும் எழுதவேண்டும். சில நாள் தள்ளிப் போட்டேன்.

1990இல் தீவுப்பக்கச் சனம் போரில் இடம்பெயர்ந்து எங்கள் வலிகாமப் பகுதிக்கு வந்தது. எங்கள் வகுப்பிலும் ஒருவன் வந்து சேர்ந்தான். சீருடை இல்லை, யாரோ கொடுத்த சேட்டு, தோள் இறங்கிக் கிடந்தது. பெயர் கேட்டோம், சொன்னான். அந்தப் பெயரை நாங்கள் ஒருநாளும் பாவிக்கவில்லை. அகதி என்றோம். முதலில் சொன்னவன் நான். அக்கா இதைத் திருத்த வரமாட்டா, இது நிச்சயமாக நான்தான்.

அவன் கோபிக்கவில்லை. அகதி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான், பந்து போடுவான். பட்டம் ஒட்டிவிட்டது என்று நாங்கள் நினைத்தோம்.

1995 ஒக்டோபர் 30 இரவு போருக்குத் தப்பி வலிகாமமே எழும்பி நடந்தது. மழை. செம்மணி வெளியில் ஓர் அடி வைக்க அரைமணித்தியாலம். நாங்கள் நாவற்குழி தாண்டிச் சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் போய்ச் சேர மறுநாள் பின்னேரம். நான் குடத்தோடு தண்ணீருக்கு வரிசையில் நிற்கிறேன். முன்னுக்கு அவன். அவனுக்கு இது இரண்டாம் தரம், எங்கே தண்ணீர், எங்கே மலசலகூடம் எல்லாம் அதற்குள் விசாரித்து வைத்திருந்தான். திரும்பிப் பார்த்தான். “என்ன அகதி, சுகமோ?” என்றான்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். என் குடத்தையும் வாங்கி முன்னுக்கு வைத்து நிரப்பித் தந்தான்.

இப்போது எங்கே என்று தெரியாது. அவன் பெயர் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மார்ச் 2

சின்ன விஷயம், அச்சகக்காரன் என்பதால் சொல்லவேண்டும். வட்டுக்கோட்டைச் செமினரி என்ற அமெரிக்க மிசன் கல்லூரி 1823இலிருந்து 1855வரை நடந்தது. அங்கே படித்த பெடியள் பலருக்கு, அமெரிக்காவிலிருந்து படிப்புச் செலவுக்குக் காசு அனுப்பியவர்களின் பெயரைச் சூட்டினார்கள். இப்படித்தான் எங்கள் ஆட்கள் நெவின்ஸ், ஆர்னல்ட் என்றெல்லாம் ஆனார்கள். ஏட்டில் கிடந்த பழந்தமிழை அச்சில் ஏற்றிய சிறுப்பிட்டித் தாமோதரம்பிள்ளைக்கு முன்னால் நிற்கிற சி.வை.யும் ஊர்ப் பெயரும் தகப்பன் பெயரும் மட்டும் இல்லை, சார்ள்ஸ் வின்சிலோவும் அதற்குள் இருக்கிறார் என்பார்கள். றொட்டிக்கு இதைச் சொன்னேன். “அப்ப நான் பிழையான ஆக்களுக்கு ஐஸ்பழம் வாங்கிக் குடுத்திட்டன்” என்றான்.

ஆகஸ்ட், நல்லூர்த் தேர் அன்று இரவு

அண்ணன் வந்திருக்கிறான். குடும்பத்தோடு. இடையில் அம்மாவின் செத்தவீட்டுக்கு ஒருமுறை வந்து மூன்று நாளில் போனவன். இந்த முறை ஒரு மாதம். தமிழில் கொஞ்சம் ஜேர்மன் கலந்துவிட்டது, எதற்கும் ‘யா, யா’ என்கிறான்.

பாண் கதையைக் கேட்டேன். தான் பாண் வாங்கவே போனதில்லை என்கிறான். அக்கா தொலைபேசியில் சத்தம் போட்டா. இரண்டு பேரில் ஒருவர் பொய், அல்லது மூன்று பேரும்.

இன்று காலை தேர் பார்க்கப் போனோம். வடக்கு வீதியில் கச்சான் கடைகளுக்குப் பக்கத்தில் நல்ல சன நெரிசல். பின்னாலிருந்து யாரோ ஒரு கிழவரின் குரல், “எடேய், அரைறாத்தல்!”

என்னை இப்போது யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, நான் றாத்தலர். அதனால் நான் திரும்பக் கொஞ்சம் பிந்திவிட்டது. அண்ணன் அதற்குள் திரும்பி, கையைத் தூக்கி, சனத்துக்குள் அந்தக் கிழவரைத் தேடிக்கொண்டிருந்தான்.

அவனுடையதை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் யோசிக்கிறேன். மகன் சம்மதிக்கவில்லை. “அப்ப நான் எதின்ரை கால்?” என்று கேட்கிறான்.